இரண்டு மழைக்கு நடுவே: கடலோர வீட்டின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க முழுமையான வழிகாட்டி

குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் வெளிச்சுவர் செதில் செதிலாக உரிந்து நிற்கும் வீட்டுக்காரரிடம் எப்போது பெயிண்ட் அடித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "கிறிஸ்துமஸுக்கு அடித்தது" என்பார். இல்லையென்றால் "பொங்கலுக்கு முன்னால்" என்பார். எங்கள் வீட்டிலும் தங்கையின் கல்யாணத்துக்காக ஒரு கார்த்திகை மாதத்தில், மழை விட்ட இடைவெளியில், நல்ல விலை கொடுத்து வாங்கிய பெயிண்டை அடித்தோம். அடுத்த ஆனி முடிவதற்குள் மேற்குச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளங்கள் எழுந்தன. குத்திப் பார்த்தால் உள்ளே தண்ணீர்.

பெயிண்டைக் குறை சொல்வதில் பயனில்லை. ஈரச் சுவரை மூடியது நாங்கள்தான். கடலோர வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பதில் முக்கால் பங்கு வேலை தண்ணீரையும் உப்பையும் சுவரிலிருந்து வெளியேற்றுவதுதான். மீதிக் கால் பங்குக்குத்தான் தூரிகையும் ரோலரும். இந்த வழிகாட்டியும் அதே கணக்கில்தான் நீளும்.

முதலில் நாளைக் குறியுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் தொடக்கத்தில் வரும் தென்மேற்கு மழை செப்டம்பர் வரை மேற்குச் சுவரைச் சாய்ந்து அடிக்கும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள், அக்டோபர் மூன்றாம் வாரத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி டிசம்பர் வரை போகும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்ததும் இந்த மாதங்களில்தான். ஏப்ரல், மே மாதங்களில் மாலை இடிமழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆக, நம்பி இறங்கக்கூடிய காலம் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முடிய ஏறக்குறைய பத்து வாரங்கள். கும்பப்பூ நெல் அறுவடை நடந்து வைக்கோல் காயும் நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் காயும் வெயிலில்தான் சுவரும் காயும்.

திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை புரிகிறது. நாள் மழைக்காலத்தில் விழுந்தால், முன்வாசல் பக்கத்தைக் கழுவி, உட்சுவர்களுக்கும் கதவுக்கும் மட்டும் அடித்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரை மாசி வரைக்கும் காத்திருக்க வையுங்கள். விருந்தினர் ஒரு நாள்தான் பார்ப்பார்கள். அந்தச் சுவரோடு நீங்கள் ஐந்தாறு வருடம் இருக்க வேண்டும்.

சுவரைப் படியுங்கள்

டிசம்பர் கடைசியில், மழை இன்னும் முழுவதும் போகாத நாளில், ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். ஈரம் எங்கே நிற்கிறது என்பது அப்போதுதான் தெரியும். காய்ந்த பிறகு எல்லாச் சுவரும் நல்ல சுவராகத்தான் தோன்றும்.

உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு ஒட்டினால் பழைய பெயிண்டின் பிடிப்பு போய்விட்டது. அதன்மேல் எது அடித்தாலும் அந்த மாவோடு சேர்ந்து உதிரும். சாவிக்கொத்தின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போங்கள். 'பொத்' என்று வெற்றொலி கேட்கும் இடத்தில் சிமென்ட் பூச்சு செங்கல்லை விட்டு விலகியிருக்கிறது. தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம் வரை அலையலையாக ஒரு கறை தெரிந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம். ஜன்னலுக்கு மேலே தொடங்கிக் கீழே ஒழுகிய கறுப்புக் கோடு சன்ஷேடிலிருந்து வந்தது. வெள்ளையாகப் பஞ்சு போல் பூத்திருப்பது உப்பு. பச்சையும் கறுப்புமாக வழவழவென்று படர்ந்திருப்பது பாசியும் பூஞ்சையும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அதனால் சுவர் வாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வரும் வழியை அடையுங்கள்

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்கள் அதன் ஓட்டுக் கூரை சுவரைத் தாண்டி எவ்வளவு தூரம் இறங்கி நிற்கிறது என்பதைக் கவனித்திருப்பார்கள். மழை சுவரைத் தொடக்கூடாது என்று இந்த ஊர்த் தச்சர்கள் கணக்குப் போட்டுக் கட்டினார்கள். நாம் மொட்டை மாடிக்கு மாறிய பிறகு சுவர் நேராக மழையில் நிற்கிறது. இப்போது நமக்கு இருக்கும் குடை ஒன்றரை அடி சன்ஷேடு மட்டுமே. ஆகவே மாடியின் ஒவ்வொரு விளிம்பும் முக்கியம்.

கைப்பிடிச் சுவரின் மேல்முகத்தைப் பாருங்கள். அங்கே மயிரிழை வெடிப்பு இருந்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கி, நாலடி கீழே பெயிண்டைத் தள்ளும். மேல்முகத்துக்கு மாடிப் பக்கமாகச் சரிவு கொடுத்துச் சிமென்ட் பூசுங்கள். சன்ஷேடின் மேல்பக்கத்தில் தண்ணீர் தேங்கக்கூடாது. அதுவும் சரிவாக இருக்க வேண்டும். அதன் அடிப்பக்க விளிம்பில் ஒரு விரல் அகலத்தில் பள்ளக்கோடு ஓடினால், தண்ணீர் சுவருக்குத் திரும்பாமல் அங்கேயே சொட்டிவிடும். கொத்தனார் அரை நாளில் முடிக்கும் இந்தக் கோடு, ஜன்னலுக்குப் பக்கத்தில் வரும் கறுப்புக் கறையில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். ஏனோ பலர் இதைக் கேட்டு வாங்குவதில்லை.

மழைநீர்க் குழாய்களின் இணைப்பு, ஏசி தண்ணீர்க் குழாய், சுவரில் துளை போட்ட கேபிள் வழிகள் எல்லாவற்றையும் அடையுங்கள். சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணையும் மணலையும் தளமட்டத்துக்கு அரை அடி கீழே வரும்படி வெட்டி எடுங்கள். ஓலை சுவரில் உரசும்படி தென்னை நின்றால் அந்த ஓலைகளைக் கழியுங்கள். நிழலும் ஈரமும் சேர்ந்த இடத்தில்தான் பாசி முதலில் பிடிக்கிறது.

ஏறும் ஓதத்துக்குப் பெயிண்ட் கடையில் விடை கிடையாது. நீர்த்தடுப்புப் பெயிண்டால் கீழ்ச்சுவரை இறுக்கி மூடினால், வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் ஓரடி மேலே ஏறும். அடித்தளத்தில் ஈரத்தடுப்பு சரிசெய்யும் வரை அந்த மூன்றடிக்குச் சுண்ணாம்போ சிமென்ட் பெயிண்டோ போதும். இரண்டும் ஈரத்தை வெளியே விடும்.

கழுவுதல்: உப்பை உப்பால் கழுவ முடியாது

கடற்காற்று சுவரில் ஏற்றும் உப்பு கண்ணுக்குத் தெரியாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டாலே சாதாரண உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் கரையில் காற்று அதைவிட உலர்வாக இருக்கும் நேரம் அரிது. அந்த உப்பின்மேல் பெயிண்ட் அடித்தால், படலத்துக்கு அடியில் எந்நேரமும் ஈரம் இருக்கும். மழையே படாத போர்ட்டிகோ சுவரிலும் கொப்புளம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூத்து நிற்கும் வெள்ளை உப்பை முதலில் உலர்ந்தபடியே பிரஷ்ஷால் தட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் அது கரைந்து திரும்பச் சுவருக்குள் போய்விடும். பாசி உள்ள இடத்துக்குப் பிளீச்சிங் பவுடர் கரைசல் போதும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 முதல் 40 கிராம், கலக்கித் தெளியவிட்டு, மேல் நீரை மட்டும் தடவுங்கள். பதினைந்து, இருபது நிமிடம் காயாமல் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவுங்கள். பாசியை உயிரோடு சுரண்டிவிட்டு மேலே பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே உருவத்தில் எழுந்து வரும். கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். இதோடு ஆசிட்டை எக்காரணத்தாலும் கலக்காதீர்கள். நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். கிரில்லின்மேல் தெறித்தால் உடனே கழுவுங்கள், இல்லையென்றால் துருப்பிடிக்கும்.

கடைசியாக முழுச் சுவரையும் மேலிருந்து கீழாக நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடலுக்குப் பக்கத்து வீடுகளில் பலருடைய கிணறும் போர்வெல்லும் உவர்ப்புத் தண்ணீரைத்தான் தருகின்றன. மோட்டாரைப் போட்டு அதையே பீய்ச்சி அடித்தால், கழுவுகிறோம் என்ற பெயரில் சுவருக்கு உப்பு ஊட்டுகிறோம். நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர்த்தால், கழுவவும் சிமென்ட் கலக்கவும் பெயிண்டில் சேர்க்கவும் குடிநீர்க் குழாய்த் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். ஒரு டேங்கர் செலவு இந்த வேலையில் வீண் அல்ல.

சுரண்டல், வெடிப்பு, துரு

தளர்ந்த பெயிண்டைத் தகட்டால் சுரண்டி, ஓரங்களை உப்புத்தாளால் மழுக்குங்கள். விலகிய பூச்சைத் தயங்காமல் கொத்தி எடுங்கள். புதிதாகப் பூசும்போது ஆற்று மணலோ கழுவிய எம்-சாண்டோ போடச் சொல்லுங்கள். கடற்கரை மணல் ஒரு சட்டிகூட வேண்டாம். புதுப் பூச்சு 28 நாள் ஆற வேண்டும், முதல் வாரம் தண்ணீர் ஊற்றி. அதற்குள் சிமென்டின் காரம் அடங்காது. காரம் பெயிண்டின் நிறத்தையும் பிடிப்பையும் தின்றுவிடும். அதனால்தான் கொத்து வேலையை ஜனவரி முதல் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

மயிரிழை வெடிப்புகளைத் தடித்த பெயிண்டே நிரப்பிவிடும். அதைவிட அகலமானவற்றை 'வி' வடிவில் வெட்டி, தூசி போக்கி, வெளிச்சுவருக்கான அக்ரிலிக் வெடிப்பு நிரப்பியால் அடையுங்கள். பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோட்டு வெடிப்பு திரும்பத் திரும்ப வரும். இரண்டும் வெயிலில் வெவ்வேறு அளவு விரிவதே காரணம். அங்கே கோழிவலை வைத்துப் பூசினால்தான் நிற்கும்.

பட்டி பார்ப்பதில், அதாவது பெயிண்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தப் பூசுவதில், ஒரு எச்சரிக்கை. உட்சுவருக்கு வாங்கிய அக்ரிலிக் பட்டி வெளியே நிற்காது. ஈரம் பட்டதும் மாவாகும். வெளியே வெள்ளைச் சிமென்ட் பட்டியை மட்டும், தேவையான இடத்தில் மட்டும், மெல்லியதாக இடுங்கள். கண்ணாடி போன்ற வழவழப்பு வெளிச்சுவருக்குத் தேவையே இல்லை.

சன்ஷேடின் அடியில் பழுப்புக் கறையோடு கான்கிரீட் பிளந்திருந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள். உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டுவிட்டது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்தத் தள்ளலில்தான் கான்கிரீட் பிளக்கிறது. சிமென்டால் மெழுகி மேலே பெயிண்ட் அடிப்பது நோயை மறைப்பது. கம்பியின் பின்பக்கம் தெரியும் வரை கொத்தி, கம்பி பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் மூடச் சொல்லுங்கள். கம்பி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் இது பெயிண்டர் வேலையல்ல, பொறியாளரைக் கூப்பிடுங்கள். அந்தச் சன்ஷேடுக்குக் கீழே குழந்தைகள் விளையாட விடாதீர்கள்.

கிரில், கேட் போன்ற இரும்பையும் தேய்த்து, நல்ல தண்ணீரால் துடைத்து, காய்ந்த அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் ஒரே இரவில் புதுத் துரு படியும். பழைய ஜன்னல்களின் எனாமலைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சின் தூசி குழந்தைகளின் மூச்சில் போகக்கூடாது.

காயவிடுங்கள், பிறகு சோதியுங்கள்

கழுவிய பிறகு குறைந்தது ஒரு வாரம் நல்ல வெயில் வேண்டும். வடக்குச் சுவருக்கு இன்னும் கூடுதலாகும். கை வைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மேல்தோல் காய்ந்து உள்ளே நனைந்திருக்கும். ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளியோ, சுவரில் கருநிறமோ தெரிந்தால் இன்னும் நாலைந்து நாள் பொறுங்கள். ஒவ்வொரு சுவரிலும் தரைக்குப் பக்கத்தில் ஒன்று, மேலே ஒன்று என்று ஒட்டுங்கள். பெயிண்டர் அவசரப்படுவார், அவருக்கு அடுத்த வீடு காத்திருக்கும். இந்தச் சோதனையைக் காட்டி அவரிடம் பேசுங்கள். நல்ல தொழிலாளி ஒத்துக்கொள்வார்.

எதை வாங்குவது, எவ்வளவு

சிமென்ட் பூச்சு வீட்டுக்கு, பாசி எதிர்ப்பு சேர்ந்த, முழுக்க அக்ரிலிக்கான வெளிச்சுவர் எமல்ஷன். வெடிப்பு அதிகமுள்ள மேற்குச் சுவருக்கு ரப்பர் போல நீளும் தடித்த வகை நல்லது, அந்தச் சுவரின் உள்பக்கமிருந்து ஓதம் இல்லையென்றால் மட்டும். பழைய வெட்டுக்கல் வீடு, சுண்ணாம்புப் பூச்சு என்றால் எமல்ஷன் போன்ற பிளாஸ்டிக் பெயிண்டைத் தொடவே வேண்டாம். சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி வடிகட்டி, பால் பதத்தில் மூன்று முறை மெல்லியதாக அடியுங்கள். அந்தச் சுவர் மூச்சு விட்டுத்தான் இத்தனை காலம் நின்றிருக்கிறது.

நிறத்தில் என் தேர்வு காவி, மணல், வெளிர் மஞ்சள் சாயல்கள். இரும்பு ஆக்சைடு நிறமிகள் வெயிலில் எளிதில் வெளுப்பதில்லை. அடர்ந்த ஊதாவும் பளீர் சிவப்பும் இரண்டாம் கோடையிலேயே சோர்ந்துவிடும்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 30க்கு 40 அடி வீடு, 11 அடி உயரம். சுற்றளவு 140 அடி; 140 × 11 = 1,540 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 140 கழித்தால் 1,400. பிரைமர் லிட்டருக்குச் சுமார் 100 சதுர அடி வரும், 14 லிட்டர். பெயிண்ட் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 சதுர அடி என்று வைத்தால் 28 லிட்டர். மேற்கே 40 அடிச் சுவர் இருந்தால் அதற்கு மூன்றாவது கோட்டுக்கு இன்னும் நாலரை லிட்டர். ஆக 20, 10, 4 என மூன்று டின்களில் 34 லிட்டர் வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே கடையில் நிறம் கலந்து வாங்குங்கள். ஒரே சுவருக்குப் போகும் டின்களைப் பெரிய டிரம்மில் ஊற்றிக் கலந்துகொண்டால் நிற வேறுபாடு தெரியாது.

அடிக்கும் நாள்

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். நாம் தேர்ந்த காலத்துக்கு இருக்கும் ஒரே எதிரி அந்தப் பனி. காலை ஒன்பது, ஒன்பதரைக்கு முன் தொடங்காதீர்கள். மாலை நான்கு மணிக்கு மேல் புதிய பரப்பைத் தொடாதீர்கள். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டிய நேரத்தில் வேலையே வேண்டாம். 30 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் இருக்கும்போது, சுமார் 27 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். நிழலில் இருக்கும் சுவர் அந்த அளவை எளிதில் தொடும். அரைகுறையாகக் காய்ந்த பெயிண்டில் பனி விழுந்தால் பழுப்பாகப் பிசுபிசுவென்று கோடுகள் வழியும். பதறி மறுபூச்சு போட வேண்டாம். சில நாள் கழித்து நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் போய்விடும்.

சாரம் கட்டும்போது மின்கம்பி எந்தப் பக்கம் வீட்டுக்கு வருகிறது என்று முதலில் பாருங்கள். அருகே வேலை இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகே ஏற வேண்டும். அலுமினிய ஏணியை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

வெயிலுக்கு எதிர்த்திசையில் நகருங்கள்: காலையில் மேற்குச் சுவர், பிற்பகலில் கிழக்குச் சுவர். சுடும் சுவரில் அடித்தால் பெயிண்ட் பிடிப்பதற்குள் காய்ந்து தோலாகும். பிரைமர் ஒரு கோட், மறுநாள் முதல் கோட், அதற்கு மறுநாள் இரண்டாம் கோட். டின்னில் நாலு மணி நேரம் போதும் என்று எழுதியிருந்தாலும், நம் காற்றுக்கு ஓர் இரவு விடுவதே நல்லது. தண்ணீர் எவ்வளவு சேர்க்கலாம் என்பது டின்னிலேயே அச்சிட்டிருக்கும். அளவுக் குவளையைப் பக்கத்தில் வைத்து, முதல் டின் கலக்கும்போது நீங்களே நில்லுங்கள். நீர்த்துப்போன பெயிண்ட் அன்றைக்கு மூடியதுபோல் தெரியும், ஆனால் படலம் பாதித் தடிமனில்தான் இருக்கும்.

மேலிருந்து கீழாக, ஒரு சுவரைத் தொட்டால் மூலை வரை நிறுத்தாமல் போங்கள். நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் அந்த இடம் கோடாக நிற்கும். ஓரங்களுக்கும் சன்ஷேடின் அடிக்கும் பிரஷ், பரந்த இடத்துக்கு ரோலர். கைப்பிடிச் சுவரின் மேல்முகத்தையும் ஜன்னல் அடிக்கட்டையின் கீழ்ப்பக்கத்தையும் பெயிண்டர்கள் விட்டுவிடுவார்கள், கீழே நின்று பார்த்தால் தெரியாது என்பதால். மாடிக்கு ஏறிப் பாருங்கள். தண்ணீர் முதலில் போய் உட்காரும் இடம் அதுதான்.

அதன் பிறகு

ஒவ்வொரு வருடமும் மழை முடிந்த ஜனவரியில் ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி, நல்ல தண்ணீரால் சுவரின் உப்பைக் கழுவிவிடுங்கள். மேற்குச் சுவருக்கும் கிரில்லுக்கும் செப்டம்பர் கடைசியில் இன்னொரு முறை. கழுவும்போதே கைப்பிடிச் சுவரையும் குழாய் இணைப்புகளையும் பார்த்து, புது வெடிப்பு இருந்தால் அன்றே அடையுங்கள். மிஞ்சிய பெயிண்டில் அரை லிட்டரை இறுக மூடி நிழலில் வையுங்கள். மூடியின்மேல் நிற எண்ணையும் கடையில் கலந்த தேதியையும் எழுதி வையுங்கள். டின்னில் ஒட்டிய சீட்டு இந்த ஈரத்தில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.